கேமராவுக்கு இடப்பக்கம் நின்றவள்

பிரான்ஸில் எங்கள் ஒரியாக் ஊரில் யுகெத் மரவாலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. "நல்ல மனுஷி, பொறுமையா கேட்டுக்குவாங்க" என்பார்கள். அத்தோடு சரி. அவளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், யாரையாவது காதலித்தாளா, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாளா, எதுவும் தெரியாது. சொல்கிறவர்கள் எல்லோரும் வருஷக்கணக்காக அவள் சமையலறையில் உட்கார்ந்து அவள் போட்ட காப்பியைக் குடித்தவர்கள்தான். இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஃபெர்னாந்த். ரியால்தோ தியேட்டரில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தடித்த பெண்மணி உட்கார்ந்திருப்பாளே, அது நான்தான். படம் ஆரம்பித்த பிறகு ஓடி வருகிறவர்களுக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். யுகெத்தும் நானும் ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடி. அவள் கதவைத் திறந்தால் என் கதவு. என் புருஷன் போன பிறகு எனக்குப் பக்கத்தில் மனுஷர் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

யுகெத் நடிகை. நடிகை என்றதும் பூங்கொத்து, கார் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை மத்தியானங்களில் பழைய துன்பியல் நாடகங்களைப் போட்டுக் காட்டும் ஒரு குழு இருந்தது. ஓட்டை வண்டியில் கிரீடமும் வாளுமாக ஊர் ஊராகப் போவார்கள். முன்னூறு வருஷத்துச் செய்யுள். வரிக்குப் பன்னிரண்டு அசை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த நாடகங்களில் மேடையில் ஒன்றும் நடக்காது. வெட்டு, குத்து, விஷம் எல்லாம் வெளியே எங்கேயோ நடந்து முடிந்துவிடும். ராணி உள்ளே வந்து நடந்ததைச் சொல்லி அழுவாள். தனியாக நின்று அழுதால் பைத்தியம் மாதிரி இருக்கும் என்பதால் அவளுக்கு ஒரு தோழி வைத்திருப்பார்கள். தோழிக்குப் பேச்சு அதிகம் கிடையாது. "சொல்லுங்கள் அரசியே" என்பாள், "ஐயோ" என்பாள், கதவைத் திறந்துவிடுவாள்.

யுகெத் ஆயுசு முழுக்கத் தோழி. இளம் நடிகைகள் ராணியாக வந்து, கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். வேறு ராணிகள் வந்தார்கள். தோழி மட்டும் மாறவே இல்லை. பிள்ளைகள் பால்கனியிலிருந்து காகித உருண்டை எறிவார்கள். அவள் தலையில் பட்டாலும் முகம் அசையாது. நான் சில தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். ராணியைப் பார்த்தால் எனக்கு அழுகை வராது. ராணி பேசும்போது யுகெத்தின் முகத்தைப் பார்த்தால்தான் கைக்குட்டையைத் தேடுவேன்.

குழு கலைந்த பிறகு அவள் காலையில் ஒரு துணிக்கடைக்கு விளிம்பு தைத்துக் கொடுத்தாள். சாயங்காலமானால் கதவை ஒருக்களித்து வைத்துவிடுவாள். கட்டடத்தில் ஒவ்வொருவராக வருவார்கள். குடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொனால் வருவான். ஆள் மலை மாதிரி இருப்பான், பெண்டாட்டி தன்னை விட்டுவிட்டுக் கிளெர்மோனுக்குப் போய்விட்டாள் என்ற ஒரே கதையைத்தான் கொண்டுவருவான். கீழ்வீட்டு மதாம் சேராக் வருவாள், மருமகளைப் பற்றி. தோழியிடம் சொல்வது போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நெஞ்சு லேசாகி, படியிறங்கிப் போவார்கள். போகும்போது ஒருவராவது "நீங்க எப்படி இருக்கீங்க மதாம் யுகெத்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அவளுக்குக் காது போன விஷயத்தை நான் கண்டுபிடித்தது என் தியேட்டரில்தான். ஒரு நாள் படத்தின் நடுவில் ஒலி நின்றுவிட்டது. அரங்கமே குய்யோ முறையோ என்று கத்தியது. ஒருத்தன் நாற்காலியில் ஏறி நின்று விசிலடித்தான். யுகெத் மட்டும் மூன்றாவது வரிசையில் சுகமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அவள் கடை ஜன்னலில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முன்னால் போய் நின்று முகத்தை நேராகப் பார்த்து, "எத்தனை நாளாடி?" என்று கேட்டேன்.

ஒளிக்காமல் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்றாம், இப்போது இடி விழுந்தால்கூடக் காலில்தான் தெரிகிறதாம். ஆனால் உதட்டைப் பார்த்தால் போதும், பேச்சு புரிந்துவிடும். ஆயுசு முழுக்க ராணிகளின் வாயையே பார்த்து நின்றவள் அல்லவா. அதனால்தான் சமையலறையில் வருகிறவர்களின் நாற்காலியை விளக்குக்கு நேராகப் போட்டிருந்தாள். இவள் இருட்டுப் பக்கம் உட்கார்ந்து அவர்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரே அவள் மாதிரிக் கேட்க ஆளில்லை என்றது. புரியாத இடம் வந்தால் "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டுவிடுவாளாம். பேச வந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

"யார்கிட்டயும் சொல்லிடாதே ஃபெர்னாந்த். தெரிஞ்சா ஒருத்தரும் வர மாட்டாங்க. செவிடிகிட்ட யாரு பேசுவா?"

நான் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் பாரிஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஊருக்கு மேலே இருக்கும் இடிந்த கோட்டையில் ஒரு துன்பியல் நாடகத்தைப் படமாக எடுக்கப்போகிறார்களாம். நாடகத்தின் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூட ஞாபகம் வந்து நீங்கள் ஓடிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. கலகம் செய்தான் என்று சொந்த மகனின் தலையை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் குற்றமற்றவன் என்று பிறகு தெரிந்துகொள்ளும் ராணியின் கதை. யுகெத்துக்கு அது தலைகீழ்ப் பாடம். ராணியாக இரேன் வலாத் நடிக்கிறாள் என்றதும் ஊரில் ஆண்களெல்லாம் முடிவெட்டிக்கொண்டார்கள்.

சினிமாக்காரர்கள் சொல்லி, நகர நாடக அரங்கிலிருந்து யுகெத்தைத் தேடி ஆள் வந்தது. இந்த நாடகம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பெண்மணி வேண்டும், தோழியின் வசனங்களுக்கு. யுகெத் அன்றைக்கே போய்த் தலைமுடியைச் சுருட்டிவிட்டு வந்தாள். அப்படி ஒரு வெட்கத்தோடு அவளை நான் பார்த்ததே இல்லை. பொனால்கூட ஒரு குடையைப் பரிசாகக் கொடுத்தான், கைப்பிடி சரியில்லாதது, அது வேறு விஷயம். திரையில் தோழியாக வரப்போகிறாள் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

முதல் நாள் திரும்பி வந்தபோது சுருட்டிய முடி மழையில் நனைந்து தொங்கிப்போயிருந்தது. படத்தில் தோழியே கிடையாதாம். இயக்குநர், கர்னோ என்று ஒரு ஆள், அந்தப் பாத்திரத்தை அடியோடு தூக்கிவிட்டாராம். மேடையில்தான் ராணிக்குத் தோழி தேவை, சினிமாவில் கேமராதான் தோழி, ராணி நேராகப் பார்வையாளரிடம் பேசுவாள் என்றாராம். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளை என் தியேட்டர் வாசல்படி ஏறவிடக்கூடாது என்று சபதம் செய்தேன். பிறகு தெரிந்தது, அதற்கு மறுப்புச் சொன்னது இரேன் வலாத்தானாம். கண்ணாடிக் கண்ணைப் பார்த்துச் செய்யுள் சொல்ல என்னால் முடியாது, எனக்கு மனுஷக் கண் வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். அதற்குத்தான் யுகெத். கேமராவுக்கு இடப்பக்கம், அந்த இயந்திரத்தில் கன்னம் உரசுகிற தூரத்தில் நிற்க வேண்டும். ராணி பேசும்போது கேட்க வேண்டும். தோழியின் வரி வந்தால் சொல்ல வேண்டும். சொன்ன குரலைப் பிறகு அழித்துவிடுவார்கள்.

"அப்ப நீ படத்துல இல்லவே இல்ல."

"இல்ல. ஆனா வேலை அதே வேலைதான்" என்றாள்.

அந்த வேலையை அவள் எப்படிச் செய்தாள் என்று கேமராக்காரர்கள் ஊர்க் கடைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். ஒரு வரி பிந்தவில்லை, ஒரு வரி முந்தவில்லை. இரேன் வலாத் அவளிடம் அப்படியே ஒட்டிக்கொண்டாள். இடைவேளைகளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்காருவாளாம். பேசுவாளாம். பேசிக்கொண்டே இருப்பாளாம். பகலில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சொன்னதெல்லாம் யுகெத்துக்குப் புரிந்தது. இரண்டு தடவை கல்யாணம் முறிந்தது, வடக்கே லில் நகரத்தில் படுக்கையாகக் கிடக்கும் அம்மா, அவளைப் போய்ப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தான். கோட்டைச் சுவர் நிழலில், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னது எதுவும் புரியவில்லை. யுகெத் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். "யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல மதாம் மரவால்" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போது யுகெத்துக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தது.

கடைசிக் காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கறுப்புத் திரை கொண்டுவந்திருக்காங்கடி. நாளைக்கு ராணிக்குத் துக்க உடை. முகத்தை மூடி, தாடைக்குக் கீழ வரைக்கும். அவ வாய் எனக்குத் தெரியாது."

போய் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். சொன்னால் கூப்பிட்டு ஒரு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள், அது பரவாயில்லை என்றாள். மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும், அதுதான் பயம் என்றாள். "அப்புறம் சாயங்காலம் கதவைத் திறந்து வெச்சுகிட்டு நான் யாருக்காக உக்காந்திருப்பேன்?"

அவளே ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தாள். இரண்டு வரிக்கு ஒரு மூச்சு. மூச்சு விட்டால் துணி அசையும். துணியைப் பார்த்து எண்ணிக்கொண்டால் ராணி எந்த வரியில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ஒத்திகை பார்க்க ராணி வேண்டுமே. என் புருஷன் செத்தபோது போட்டுக்கொண்ட கறுப்புச் சால்வையை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டேன். கையில் நாடகத்தின் பள்ளிக்கூடப் பதிப்பு. அடுப்பில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உருகிக்கொண்டிருக்க, நான் சால்வைக்குள்ளிருந்து மகனை இழந்த ராணியாகப் புலம்பினேன். எனக்குச் செய்யுளும் வராது, புலம்பலும் வராது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் என் கடைசிச் சொல் முடிந்த அடுத்த மூச்சில் அவள் பதில் வந்து விழுந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். சாப்பாடு அடிபிடித்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை, தியேட்டர் விடுமுறை. நானும் கோட்டைக்குப் போனேன். விளக்குக்காரர்களில் ஒருவன் எனக்குத் தெரிந்தவன், பின்னால் ஒரு மூலையில் நிற்கவிட்டான். காலையிலிருந்தே அங்கே எல்லோரும் கிசுகிசுவென்று பேசினார்கள். என்ன விஷயம் என்று அவனைக் கேட்டேன். இரேன் வலாத்தின் அம்மா முந்தாநாள் போய்விட்டாளாம். அன்றைக்கு மத்தியானம் லில் நகரத்தில் அடக்கம். கோட்டை அன்றைக்கு ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பதால், முடித்துவிட்டுப் போகிறேன் என்று அவளே சொன்னாளாம். சொல்லவைத்தார்களோ என்னவோ. யுகெத்திடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் தன் பயத்தில் யார் வாயையும் பார்க்கவில்லை.

மத்தியானம் தாண்டி ராணி வந்து நின்றாள். தலையிலிருந்து மார்பு வரைக்கும் கறுப்பு. யுகெத் கேமராவுக்கு இடப்பக்கம் போய் நின்று, அந்தத் துணியில் கண்ணை வைத்தாள். கர்னோ கையை இறக்கினார்.

முதல் சில வரிகள் நன்றாகவே போயின. மகனே, உன் கழுத்தை நானா கொடுத்தேன் என்கிற இடம் வரை. அங்கே குரல் நின்றது. வரியை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு திரைக்கு உள்ளிருந்து வேறு குரல் வந்தது, செய்யுள் இல்லாத சாதாரணக் குரல்.

"அம்மாவை இந்நேரம் குழியில இறக்கியிருப்பாங்க. நான் இங்க துக்க வேஷம் போட்டுகிட்டு நிக்கறேன். என்னால முடியல, மதாம் மரவால்."

கர்னோ நிறுத்தச் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கறுப்புத் துணி ஒரு தடவை மேலெழும்பி அடங்கியது. யுகெத் அதை எண்ணிக்கொண்டாள். தன் மேடைக் குரலில், தெளிவாக, தன் வரியைச் சொன்னாள்.

"சொல்லுங்கள் அரசியே, ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்கிறேன்."

பாவம், அந்தப் பெண் அதைப் பதில் என்றே எடுத்துக்கொண்டாள். அவள் தோள் அப்படியே தளர்ந்தது. பேச ஆரம்பித்தாள். அம்மா சாகிறதுக்கு முன்னால் தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேட்டாள், நான் வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை என்றாள். எனக்கு அங்கிருந்து கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினாலும் யுகெத்துக்குக் கேட்காது. துணி எழும்பியது, அடங்கியது.

"கண்ணீரைத் துடையுங்கள். பகைவன் வாயிலில் நிற்கிறான். அழுவதற்கு இது நேரமில்லை."

ராணி திரையைத் தூக்கினாள். முகம் முழுக்க மை வழிந்திருந்தது. யுகெத்தின் முன்னால் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

யுகெத் அந்த உதடுகளைப் படித்தாள். அவள் முகம் வெளிறிப்போனதை நான் அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன். பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீங்க என்ன நினைக்கறீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"எனக்குக் காது கேக்காதும்மா" என்றாள்.

"அப்ப இத்தனை நாளும் நான் உங்ககிட்ட சொன்னது?"

"வெளிச்சத்துல சொன்னதெல்லாம் தெரிஞ்சுது. உங்க முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்ல."

இரேன் வலாத்தின் முகத்தில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தேவலை.

"இருட்டுல சொன்னதுதான் நிஜம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கறுப்பு உடையோடு கோட்டை வாசலில் நின்ற காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஊருக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? நாங்கள் மலையிறங்கி வருவதற்குள் ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் யுகெத் கதவை ஒருக்களித்து வைத்தாள். காப்பியும் போட்டு வைத்தாள். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாடிப்படி காற்றாடியது. எதிர்க் கதவிலிருந்து பார்த்தால் விளக்குக்கு நேராகக் காலி நாற்காலியும் அதையே பார்த்துக்கொண்டு அவளும். நான் போய் உட்கார்ந்து வாயைக் குவித்துக் குவித்துப் பேசினேன். ஆனால் அவள் அடிக்கடி வாசலைப் பார்த்தாள். அவளுக்கு நான் போதவில்லை. அது எனக்கு வலித்தது, என்ன செய்ய, உண்மை அதுதான்.

மூன்றாம் நாள் பொனால் வந்தான். அவன் பின்னாலேயே மதாம் சேராக். பிறகு என்ன ஆயிற்று என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முன்பு வந்ததைவிட இரண்டு பங்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வந்தார், பார்த்துப் பழக்கமே இல்லாத நோட்டரியின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். பாதிரியாரிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் சொன்னார்கள். காது கேட்காது, வெளியே போகாது. முன்பு பாதி சொன்னவர்கள் இப்போது முழுக்கச் சொன்னார்கள்.

யுகெத்தின் பயம் பொய்யாகிவிட்டது என்று நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். குளிர்காலம் வந்தபோதுதான் கவனித்தேன், அவள் மெலிந்துகொண்டே போனாள். வருகிறவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அடுப்பைப் பார்த்துப் பேசினார்கள், ஜன்னலைப் பார்த்துப் பேசினார்கள். விளக்கைத் தணிக்கச் சொன்னார்கள். அவள் எழுந்து சுற்றி வந்து முகம் தெரிகிற பக்கம் நின்றால், முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். உதட்டைப் படிப்பாள் என்று தெரிந்துவிட்டதே.

"முன்னாடி நான் நிஜமாவே கேட்டேன் ஃபெர்னாந்த். தலை வலிக்க வலிக்கக் கேட்டேன். இப்ப முதுகைத்தான் காட்டறாங்க."

வராதே என்று சொல்லிவிடு என்றேன். அவள் அடுத்த ஆளுக்குக் காப்பி போடப் போனாள்.

மார்ச்சில் படம் எங்கள் தியேட்டருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு யுகெத்தைக் கூட்டிப்போய், நானும் ஜன்னலை அடைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது. திரையில் ராணி தன்னந்தனியாகக் கோட்டை அறைகளில் நடந்தாள், பேசினாள், கேமராவுக்குச் சற்று இடப்பக்கம் பார்த்து அழுதாள். தோழி இல்லை. கடைசிக் காட்சியும் வந்தது. கறுப்புத் திரைக்குள் வாய் தெரியாது என்பதால், அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொன்ன இடத்தில் செய்யுளைப் பிறகு பாரிஸில் பேசிப் பொருத்திவிட்டிருந்தார்கள். துணி எழும்பி அடங்குகிற இடத்தில், யுகெத் சொன்ன இரண்டு பதில்களும் இருந்த இடத்தில், வெறும் காற்றுச் சத்தம். என் முன்வரிசையில் மதாம் சேராக் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

விளக்குப் போட்டார்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். யுகெத் எழவில்லை.

"யாராவது, தோழி எங்கேன்னு கேட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவளும், சரி என்பது போலத் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது பொனால் ஏற்கெனவே அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்துதான் கிடக்குமே. முதுகு வாசலுக்கு, முகம் அடுப்புக்கு. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவனுக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவன் ஆரம்பித்தான். நான் என் வீட்டுக்குள் போய்க் காலணியை மாற்றிக்கொண்டு, தண்ணீர் கொதிக்க வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் யுகெத் மாடிப்படித் திருப்பத்தில், என் கதவுக்கும் அவள் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பொனாலின் குரல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. கிளெர்மோனுக்குப் போகும் ரயில், பெண்டாட்டியின் பெட்டி, அவள் திரும்பிப் பார்க்காதது.

யுகெத் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் கேட்காது, அதனால் என்னிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நிறுத்திட்டானா?"

ஆமாம், நிறுத்திவிட்டான், உன்னைத்தான் தேடுகிறான் என்று சொல்லியிருக்கலாம். என் உதட்டில் பொய் இருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். இல்லை என்றேன்.

"எழுந்து வந்தது தெரியலையா அவனுக்கு?"

"தெரியல."

அவள் மேலங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். ஆனால் அதற்குள் அவள் திரும்பிப் படியிறங்க ஆரம்பித்துவிட்டாள், நான் கேட்டது அவளுக்குத் தெரிந்திருக்காது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழ்க் கதவு திறந்து சாத்துகிற சத்தம் வந்தது. உள்ளே பொனால், "நான் செஞ்சது சரிதானே, மதாம் யுகெத்?" என்று கேட்டான். ஒரு தலையாட்டலுக்கு ஆகிற நேரம் காத்திருந்தான். பிறகு, "அதான்" என்று சொல்லி மேலே பேச ஆரம்பித்தான்.